எண்பத்தேழாவது நிமிடத்துக் கொடி

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நலம். மகளும் மருமகனும் நலம். அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி என்று கேட்க நினைத்தேன். பிறகுதான் வலி உனக்கா, அம்மாவுக்கா என்று சந்தேகம் வந்தது. இத்தனை வருஷத்தில் எல்லாம் குழம்பிவிட்டது.

அத்தான் போன செய்தி அக்டோபரிலேயே எனக்கு வந்தது. பஸ் நிலையம் வரை வந்தேன். டிக்கெட்கூட எடுத்துவிட்டேன். பிறகு என்ன முகத்தோடு உள்ளே வருவது என்று திரும்பிவிட்டேன். இதை நீ நம்ப வேண்டாம். எழுதாமல் இருப்பதைவிட எழுதுவது மேல் என்று எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபிக்காதே. அந்தக் கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பற்றி அத்தான் கடைசி நாட்களில் ஏதாவது சொன்னாரா? எண்பத்தேழாவது நிமிடம், நான் அடித்த கோல், அவர் தூக்கிய ஆஃப்சைடு கொடி. அதைத் தெரிந்துதான் தூக்கினாரா? ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் வலி இருந்தது அம்மாவுக்குத்தான். எனக்கு இரத்த அழுத்தம் மட்டும். மாத்திரையில் அடங்கியிருக்கிறது. உன் குடும்பம் நலம் என்று அறிந்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்த துக்கக் கடிதத்தில் ஆறுதல் இரண்டு வரி, கேள்வி ஐந்து வரி. உன் எழுத்து ஒவ்வொரு வரியின் முடிவிலும் கீழே இறங்குகிறது. கோடு போட்ட தாளில் இப்படி எழுதினால் நம் பள்ளிச் சிஸ்டர் திரும்ப எழுதச் சொல்லியிருப்பார். நான் அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவள். என் கண்ணில் படாமல் போகுமா?

அவர் கால்பந்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. ஏன் நிறுத்தினார் என்று உனக்கே தெரியும். அன்றைக்குக் கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேனாக வர வேண்டியவருக்குக் காய்ச்சல். இரண்டு அணியும் சேர்ந்து உன் அத்தானைக் கூப்பிட்டன. சொந்த மைத்துனன் விளையாடும் ஆட்டம் என்று தெரிந்தே கூப்பிட்டன. அந்த மனிதர் கோணமாட்டார் என்று ஊருக்கே தெரியும். நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிறவர். மயிரிழை விலகினாலும் தாளைக் கிழித்துப் போடுவார். அப்பேர்ப்பட்டவர் முகத்துக்கு நேராக, ஆயிரம் பேர் பார்க்க நீ என்ன கத்தினாய்? "பொண்டாட்டி தம்பிக்குக் கோல் குடுத்தா ஊரு பேசும்னு பயந்துட்டீங்களா? கண்ணு இருந்தா கண்ணால பாருங்க!" அடுத்த வாரம் தெருவில் சின்னப் பிள்ளைகள் அவரைப் பார்த்துக் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டின. அம்மா உன் பக்கம் நின்றார். சாகும்வரை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அவர் தீர்ப்பு சரி. உன் கேள்விக்கு இதுவே பதில்.

போன் வேண்டாம். பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். எழுது, நேராக எழுது.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரத்த அழுத்தம் என்கிறாய், உப்பைக் குறை. நான் நலம்.

நான் கத்தியதை நீ ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறாய். எனக்கே அது பாதி மறந்துபோயிருந்தது.

தீர்ப்பு சரி என்று எழுதிவிட்டாய். நீ மைதானத்தில் இல்லை, அக்கா. அன்றைக்கு வேலி ஓரம் நின்ற அத்தனை பேரும் நான் சமமாக நின்றேன் என்றுதான் சொன்னார்கள். சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. இதைச் சின்னப் பையனிடம் கேட்டாலும் சொல்வான். நேற்றுகூட டீக்கடை டிவியில் ஒரு ஆட்டம். கம்ப்யூட்டரில் கோடு போட்டுப் பார்த்து, தோள் மட்டும் தாண்டியிருந்ததாம், கோலை ரத்து செய்துவிட்டார்கள். கண்ணாடித் தொழிற்சாலையில் என்னோடு பாரம் ஏற்றியவர் ஒருவர் கிளாஸை மேசையில் அடித்துவிட்டு, "தோளால யாருய்யா கோல் போடுறான்? அப்போ மூக்கு நீளமா இருக்கிறவன் எல்லாம் பெஞ்சுலயே உட்கார வேண்டியதுதானா?" என்று கத்தினார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "வெட்டுக்கிளி, நீ சொல்லு. உன் காலத்துல எப்படி?" என்று கேட்டார். இங்கேயும் எனக்கு அந்தப் பட்டப்பெயர்தான். அந்தக் காலத்தில் எப்படித் தாவினேன் என்று எல்லோருக்கும் நானே சொல்லி வைத்திருக்கிறேன். "எங்க காலத்துல ஒரு மனுஷன் கண்ணுதான்" என்றேன்.

அந்த மனுஷன் என்ன சொன்னார் என்றுதான் கேட்டேன். அதற்கு நீ பதில் எழுதவில்லை.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உப்பைக் குறைத்து ஆறு வருஷம் ஆகிறது. நீ நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சின்னப் பையனிடம் கேட்கச் சொன்னாய். நான் புத்தகத்தைக் கேட்டேன். அவர் அலமாரியின் மேல்தட்டில் அந்த வருஷத்து விதிப் புத்தகம் இருக்கிறது. பந்து உதைபடும் நொடியில், தாக்க வருகிறவனுக்கும் எதிர்க் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணி ஆட்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கோல்கீப்பர் ஒருவர், கடைசித் தடுப்பாளன் ஒருவன். தடுப்பாளனுக்குச் சமமாக நின்றால் தப்பில்லை என்பது பிறகு வந்த திருத்தம். நீ விளையாடிய வருஷத்தில் சமமாக நிற்பதும் ஆஃப்சைடுதான். பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஆக, நீயும் உன் வேலியோரச் சாட்சிகளும் சொல்வது முழு உண்மையாகவே இருந்தாலும் கொடி சரி.

கண்ணால் பார்க்காமல் சொல்கிறேன் என்றாயே, அதையும் செய்தேன். மாடி நடையில் இரண்டு நாற்காலியைச் சமமாகப் போட்டு, அவர் நின்றிருக்கக்கூடிய இடத்திலிருந்து பார்த்தேன். நாற்காலி போதவில்லை. சிலிண்டர் கொண்டுவந்த ஆளை ஒரு நாற்காலிக்குச் சமமாக நிற்க வைத்தேன். "என்னம்மா, போட்டோவா?" என்றார். "ஓடுகிற மாதிரி நில்லுங்கள்" என்றேன். "சிலிண்டரோடயா, இறக்கி வச்சிட்டா?" என்று கேட்டார். நான் இரண்டடி முன்னால் நகர்ந்தால் அவர் நாற்காலியைத் தாண்டித் தெரிந்தார், பின்னால் நகர்ந்தால் தாண்டாமல் தெரிந்தார். கோட்டுக்கு நேரே நின்றால்தான் உண்மை தெரியும். உன் சாட்சிகள் ஒருவர்கூட நேரே நிற்கவில்லை. உன் அத்தான் நின்றார்.

இதற்குமேல் வாதம் இருந்தால் எழுது.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். கொஞ்ச நாள் வீட்டில் இல்லை.

சரி, நீ ஜெயித்தாய். அந்தத் திருத்தம் எப்போது வந்தது என்பதே எனக்கு நினைவில்லை. சிலிண்டர்காரரை நினைத்து மகள் இரண்டு நாள் சிரித்தாள்.

நான் சட்டத்தைக் கேட்கவில்லை, அக்கா. அவர் மனசைக் கேட்டேன்.

பேனா எங்கோ வைத்துவிட்டேன். பென்சிலுக்குக் கோபிக்காதே.

தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஏழு வாரம் கழித்து ஏழெட்டு வரி, அதுவும் பென்சிலில். "நினைவில்லை" என்ற சொல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பேனா ஒன்று தனியாக அனுப்புகிறேன். மை தடையில்லாமல் வரும். சோம்பலுக்கு மருந்து என்னிடம் இல்லை.

எங்கே போயிருந்தாய் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் மனசைக் கேட்கிறாய். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அடுத்த பருவத்தில் கொடி பிடிக்கக் கூப்பிட்டுக் கால்பந்து சங்கத்திலிருந்து ஆள் வந்தது. "உடம்பு ஒத்துழைக்கலை" என்று சொல்லி அனுப்பினார். அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. காலையில் நான்கு கிலோமீட்டர் நடப்பார். மைதானம் வழியாகப் போகாமல் மார்க்கெட்டைச் சுற்றிப் போவார். டிவியில் ஆட்டம் வந்தால் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். இரண்டு செடி அழுகியே போய்விட்டன.

உனக்குத் துறைமுகக் கம்பெனி அணியில் இடமும் அதோடு வரும் வேலையும் கிடைக்காதது அவருக்குத் தெரியும். தேர்வு செய்ய வந்தவர்கள் அன்றைக்கு ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் தெரியும். நீ கண்ணாடித் தொழிற்சாலையில் பாரம் ஏற்றப் போனாய் என்று யாரோ சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை.

அதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அக்கா


ஜூன் 10

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுகிறேன். நமஸ்காரம். அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நடுவில் வருவது அவர் வார்த்தைகள்.

"பேனா நன்றாக இருக்கிறது. எழுதத்தான் சோம்பல், நீ சொன்னது சரி. அத்தான் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தாய். அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அவர் ஏன் சாப்பிடவில்லை, அக்கா? கொடி சரி என்று தெரிந்தவர் ஏன் மார்க்கெட்டைச் சுற்றிப் போக வேண்டும்? நீ எழுதாமல் விட்டது ஏதோ இருக்கிறது. சின்ன வயதில் ஜாடியை உடைத்துவிட்டுப் படிப்பில் மூழ்கிய மாதிரி உட்காருவாயே, அந்த மாதிரி எழுதுகிறாய். நல்லதோ கெட்டதோ சொல்லிவிடு."

அத்தை, இனி நான். அப்பா தூங்குகிறார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என் தலைமேல் கை வைத்து உறுதி வாங்கியிருக்கிறார். ஆனாலும் எழுதுகிறேன். அப்பாவுக்கு நடுக்குவாத நோய். கை நடுக்கம் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. மார்ச்சில் விழுந்து ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். உங்களுக்கு எழுதிய முதல் கடிதம் ஒன்பது தாள் கிழித்த பிறகு வந்தது. இப்போது விழுங்குவதும் சிரமமாகிவிட்டது. கஞ்சியைக்கூட ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். டாக்டர் நாள் கணக்கு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் கடிதம் வரும் நாட்களில் மட்டும் சட்டை மாற்றச் சொல்கிறார்.

கோபிக்காதீர்கள்.


ஜூன் 14

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் எழுத்தைக் குறை சொல்லி நான் எழுதிய வரிகளையெல்லாம் அடித்துவிடு. உன் மகளைத் திட்டாதே. அவள் செய்ததுதான் சரி. நான் செய்ய வேண்டியதை இப்போது செய்கிறேன்.

ஆட்டத்தன்று காலை அவருடைய கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே நான் சொன்னேன்: "இன்னைக்கு எல்லார் கண்ணும் உங்க மேலதான். மச்சினனுக்கு விட்டுக்கொடுத்துட்டார்னு ஒருத்தர் பேசக் கூடாது. சந்தேகம் வந்தா தூக்கிடுங்க."

அவர் சிரித்தார். "சந்தேகம் வந்தா தூக்காதேன்னுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க."

"அது மத்தவங்களுக்கு" என்றேன்.

மறுநாள் காலை குழாயடியில் ஷூவைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. லைன்ஸ்மேன் பந்து உதைபடுவதைக் காதால் கேட்க வேண்டும், கண் கடைசித் தடுப்பாளன் மேலேயே இருக்க வேண்டும். அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தது இது. "நான் ஆளைப் பார்க்கல. பந்தைப் பார்த்துட்டேன். நிமிர்ந்தா, அவன் பந்தோட ஓடிக்கிட்டிருக்கான். நீ சொன்னது காதுல விழுந்தது. தூக்கிட்டேன்" என்றார். உன்னிடம் வந்து சொல்லிவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினார். நான் கதவில் நின்றுகொண்டேன். "பார்க்காம தூக்கினேன்னு சொல்லப்போறீங்களா? அப்புறம் இந்தத் தெருவுல நான் எப்படி நடக்கிறது?" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டார்.

அப்புறம் நாங்கள் அதைப் பேசவே இல்லை. போன செப்டம்பரில், ஆஸ்பத்திரியில், சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் திடீரென்று கேட்டார்: "அவன் ஆஃப்சைடு இல்லதானே? இல்லேன்னா அப்படிக் கத்தியிருப்பானா?" நான் போர்வையைச் சரிசெய்தேன்.

நீ கேட்ட ஒரு வரி இதுதான்: தெரிந்து தூக்கவில்லை. உன் வேலையையும் நம் அம்மாவின் நிம்மதியையும் கெடுத்தது அந்தக் கொடி அல்ல, நான் சொன்ன வார்த்தை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அவரை ஒன்றும் சொல்லாதே.

அக்கா


ஜூலை 2

அக்கா,

இதை மகளிடம் சொல்லி எழுத வைக்க முடியாது. நானே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வரி. பொறுமையாகப் படி.

நான் ஆஃப்சைடு.

எங்கள் ஆள் பந்தை உதைக்கும்போது திரும்பிப் பார்த்தேன். கடைசித் தடுப்பாளனின் முதுகு தெரிந்தது. முதுகில் ஐந்தாம் எண். அதன் ஒரு ஓரத்தில் தையல் விட்டிருந்தது. அவன் பந்தைப் பார்த்து நிற்கிறான். அவன் முதுகு எனக்குத் தெரிந்தால் நான் அவனைத் தாண்டி, கோல் பக்கம் நிற்கிறேன் என்று அர்த்தம். சமம் இல்லை. ஒன்றரை அடி.

தெரிந்தே ஓடினேன். கொடி ஏறாமல் போகட்டும் என்று ஓடினேன். ஏறியது. ஸ்டாண்டில் துறைமுகக் கம்பெனிக்காரர்கள் எழுந்து போவது தெரிந்தது. கத்திவிட்டேன்.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போனால் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? வேலை கிடைக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை வைத்துக்கொண்டேன். பிப்ரவரியில்கூடச் சமம் என்று உனக்கு எழுதினேன். பழகிவிட்டது.

அத்தான் பார்த்துத்தான் தூக்கினார் என்று நம்பியிருந்தேன். பார்த்தவருக்குத் தான் சரி என்று தெரியும், நான் கத்தியது அவரை என்ன செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காகத்தான் கேட்டேன். "ஆமாம், தெரிந்துதான் தூக்கினார், நிம்மதியாகப் போனார்" என்று நீ ஒரு வரி எழுதுவாய் என்று காத்திருந்தேன்.

நீ எழுதியது வேறு.

வா, அக்கா. முடிந்தால்.


ஜூலை 21

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமா? அப்பா என்ன எழுதி அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. பதினோரு நாள் எழுதினார். உறையையும் தானே ஒட்டினார். தபால்காரர் வரும் நேரத்துக்கு ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்கிறார். ஒரு கார்டாவது போடுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 25

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன். கஞ்சி இறங்குகிறதா? தூக்கம் வருகிறதா?

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து அடுத்த அறைக்குப் போனேன். "பாருங்க, நீங்க சரியாத்தான் தூக்கியிருக்கீங்க" என்று வாயைத் திறந்துவிட்டேன். கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. சுருட்டி வைத்தவள் நான்தான். அங்கேயே உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழ் வீட்டுக்காரர் தண்ணீர் வழிகிறது என்று கதவைத் தட்டினார்.

மூன்று வாரம் உனக்கு எழுதாததற்குக் காரணம் கோபம். எட்டுக் கடிதம் எழுதிக் கிழித்தேன். அத்தனையிலும் உன்னை ஏசியிருந்தேன். ஏச்சு எல்லாம் சரியான ஏச்சுதான். ஒன்பதாவது எழுதும்போது கை நின்றது.

நீ ஒரு நிமிடம் கத்தினாய். அதற்குப் பிறகு நான் அவரோடு முப்பத்தெட்டு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டேன். பார்க்காமல் தூக்கினேன் என்று அவர் சொன்ன அன்றே, தப்பாகத் தூக்கிவிட்டார் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். "பார்க்காவிட்டால் என்ன, சரியாகவும் இருந்திருக்கலாமே" என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு செய்த மனிதரை ஊருக்குக் காட்டாமல் மூடிக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமையிலேயே இருந்துவிட்டேன். அந்தப் பெருமையை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். ஆஸ்பத்திரியில் என்னிடம்தானே கேட்டார். போர்வையைச் சரிசெய்தேன்.

உன்னை மன்னிக்கச் சொல்லி நீ கேட்கவில்லை. நல்லது. மன்னிக்க உரிமை உள்ளவர் நான் இல்லை. என்னை மன்னிக்கவும் அவர்தான் வேண்டும்.

கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் நம் இருவரில் ஒருவர் இருக்க மாட்டார். அதனால் கோபத்தோடேயே வருகிறேன். வியாழக்கிழமை ரயில் பதினொரு மணிக்கு அங்கே வருகிறது. ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், வழி கேட்டு வந்துவிடுவேன். உன் மகளிடம் எனக்கென்று தனியாக எதுவும் சமைக்க வேண்டாம் என்று சொல்.

நீ பேசச் சிரமப்பட வேண்டாம். நான் பேசுகிறேன். அவர் செடிகளைப் பற்றி, நடந்து போன வழியைப் பற்றி. அவர் என்ன நினைத்துக்கொண்டு போனார் என்பது இந்த உலகத்தில் நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இந்த வீட்டில் அதைத் தனியாக வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

அக்கா